கையில் ஒரே வயர்லெஸ், பேச்சு மட்டும் இல்லை: மான்செஸ்டர் அரீனா 2017, ஒரு நிகழ்வு ஆய்வு

ஏன் இந்த நிகழ்வு

பேரிடர் நேரத்தில் துறைகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் பழி முதலில் வயர்லெஸ் மீதுதான் விழும். "அவங்க செட் வேற, நம்ம செட் வேற" என்பார்கள். பல இடங்களில் அது உண்மையும்கூட. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் தெற்குக் கோபுரம் விழுந்த பிறகு, வடக்குக் கோபுரமும் நிற்காது என்று போலீஸ் ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் எச்சரித்தார்கள். அது போலீஸ் அலைவரிசையில் மட்டும்தான் கேட்டது. கோபுரத்துக்குள் இருந்த தீயணைப்பு வீரர்களின் செட்டில் அந்த அலைவரிசையே கிடையாது.

மான்செஸ்டர் அந்த வகை இல்லை. 2017 மே 22 இரவு அங்கே அரீனா என்ற நிகழ்ச்சி அரங்கில் தற்கொலைக் குண்டு வெடித்தது. அப்போது போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லோர் கையிலும் ஒரே வலையமைப்பில் ஓடும் செட் இருந்தது. வலையமைப்பு விழவில்லை, பேட்டரி தீரவில்லை. அப்படியும் ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் இருந்த தீயணைப்பு நிலையத்தின் வண்டிகள் சம்பவ இடத்துக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கருவிதான் பிரச்சினை என்று நினைப்பவர்கள் படிக்க வேண்டிய நிகழ்வு இது என்பதால் இதை எடுத்துக்கொண்டேன்.

விவரங்கள் 2018 மார்ச்சில் ஒரு தனிக்குழு ஆய்வு செய்து வெளியிட்ட கெர்ஸ்லேக் அறிக்கையிலும், 2022 நவம்பரில் வந்த பொது விசாரணையின் இரண்டாம் தொகுதியிலும் பதிவானவை. ஆட்களைப் பதவியால் மட்டுமே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

பிரிட்டனில் இந்தப் பிரச்சினைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1987இல் லண்டன் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத் தீயில் 31 பேர் இறந்தார்கள். தீயணைப்புத் துறையும் ரயில்வே போலீஸும் நிலத்தடியில் ஒருவரோடொருவர் பேச வழி வேண்டும் என்று அப்போதே விசாரணை சொன்னது. 2005 ஜூலை 7 குண்டுவெடிப்புகளின்போதும் சுரங்கத்துக்குள் பெரும்பாலான செட்டுகள் வேலை செய்யவில்லை. செய்தியைக் காகிதத்திலும் வாயிலும் சுமந்துகொண்டு ஆட்கள் மேலும் கீழும் ஓடினார்கள். இடையில் 18 ஆண்டுகள் போயிருந்தன.

அதற்குப் பிறகு மாற்றம் வரத்தான் செய்தது. ஏர்வேவ் என்ற டிஜிட்டல் வயர்லெஸ் வலையமைப்பு 2010 வாக்கில் மூன்று துறைகளுக்கும் பொதுவாகிவிட்டது. இதில் பழைய மாதிரி ஒரு அலைவரிசை ஒரு துறைக்கு என்று கிடையாது. 'டாக் குரூப்' என்று மென்பொருளில் குழுக்கள் பிரிக்கப்பட்டிருக்கும். செட்டில் இருக்கும் குமிழைத் திருப்பினால் திரையில் குழுவின் பெயர் வரும். யாரெல்லாம் அந்தக் குழுவில் இருக்கிறார்களோ அவர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும். துறைகள் தங்களுக்குள் பேசுவதற்கென்றே பொதுக் குழுக்களும் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆனால் யாராவது "இந்தக் குழுவுக்கு வாருங்கள்" என்று சொல்ல வேண்டும், மற்றவர்கள் குமிழைத் திருப்ப வேண்டும். அதைச் செய்யாதவரை அந்தக் குழு இருந்தும் இல்லாததுதான்.

2011இல் லண்டன் குண்டுவெடிப்பு மரண விசாரணை முடிந்து, 2012இல் ஜெசிப் என்ற கூட்டுச் செயல்திட்டம் தொடங்கியது. அதன் விதிகள் எளிமையானவை: ஒரே இடத்தில் கூடு, பேசு, ஒருங்கிணை, ஆபத்தைச் சேர்ந்து எடைபோடு, எல்லோருக்கும் ஒரே சித்திரம் இருக்கட்டும். சம்பவ இடத்திலிருந்து தகவல் சொல்ல, ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'மீத்தேன்' (METHANE) என்று ஒரு வரிசையும் வகுத்தார்கள். பெருநிகழ்வு என்று அறிவித்தாயிற்றா, சரியான இடம் எது, என்ன வகை நிகழ்வு, என்ன ஆபத்துகள், எந்த வழியாக உள்ளே வரலாம், காயம்பட்டவர் எத்தனை, எந்தத் துறைகள் வந்திருக்கின்றன, இன்னும் யார் வேண்டும் என்ற ஏழு விவரங்கள். வயர்லெஸ்ஸில் முப்பது நாற்பது விநாடியில் சொல்லி முடித்துவிடலாம்.

மான்செஸ்டரில் அன்று சம்பந்தப்பட்டவை நான்கு கட்டுப்பாட்டு அறைகள். நகரப் போலீஸுக்கு ஒன்று. அரீனாவை ஒட்டிய விக்டோரியா ரயில் நிலையத்தைக் கவனிக்கும் ரயில்வே போலீஸுக்கு ஒன்று, அதுவும் வேறு ஊரில். ஆம்புலன்ஸ் சேவைக்கு ஒன்று. நான்கு வட்டாரத் தீயணைப்புப் படைகளுக்குப் பொதுவாக வாரிங்டனில் இருந்த தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறை நான்காவது. இந்த நான்கும் போனில் ஒன்றோடொன்று பேச வேண்டுமென்றால் ஆறு தனித்தனி உரையாடல்கள். பொதுக் குழுவில் பேசினால் ஒன்று போதும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நகரப் போலீஸின் இரவுப் பணி அதிகாரி ஒருவரே முதல் மணி நேரத்தின் மொத்தச் சுமையையும் தாங்கும்படி திட்டம் இருந்தது. ஆயுதப் போலீஸை அனுப்புவதும் வழிநடத்துவதும் அவர், மற்ற துறைகளுக்குச் சொல்வதும் அவர், மேலதிகாரிகளை எழுப்புவதும் அவர். இது ஒரு ஆளால் ஆகாது என்ற கவலை முன்பே பேசப்பட்டிருந்தது. 2016 மே மாதம் டிராஃபோர்ட் சென்டர் வணிக வளாகத்தில் நடந்த பெரிய ஒத்திகையிலும் இதே இடத்தில்தான் கயிறு அறுந்தது. பணி அதிகாரிக்கு வேலை தலைக்கு மேல் போனது, தீயணைப்புத் துறைக்குத் தகவல் தாமதமானது. அது குறிக்கப்பட்டது, ஆனால் ஏற்பாடு மாறவில்லை. ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்து உண்மையிலேயே நடந்தது.

முதல் இருபது நிமிடம்

இரவு 10.31. இசை நிகழ்ச்சி முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. அரீனாவுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே 'சிட்டி ரூம்' என்று ஒரு முகப்புக் கூடம். பிள்ளைகளை அழைத்துப் போகப் பெற்றோர்கள் அங்கே காத்திருந்தார்கள். அந்தக் கூடத்தில்தான் தற்கொலைக் குண்டு வெடித்தது. 22 பேர் கொல்லப்பட்டார்கள், நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள்.

ரயில்வே போலீஸார் சில நிமிடங்களிலேயே கூடத்துக்குள் இருந்தார்கள். அவர்கள் 10.40க்குள் பெருநிகழ்வு என்று அறிவித்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் சேவை 10.45ஐ ஒட்டித் தன் பங்குக்கு அறிவித்தது. நகரப் போலீஸ் அதே அறிவிப்பைச் செய்தபோது இரவு ஏறக்குறைய ஒரு மணி. ஒரே நிகழ்வுக்கு ஆளுக்கொரு அறிவிப்பு, அதுவும் இரண்டு மணி நேர இடைவெளியில். ஒருவர் அறிவித்தது மற்றவருக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை.

கூடும் இடமும் அப்படித்தான். ரயில்வே போலீஸ் அரீனாவை ஒட்டிய ஒரு கார் நிறுத்தத்தைச் சொன்னது. நகரப் போலீஸ் பேராலயத்தின் கார் நிறுத்தத்தைச் சொன்னது. ஆம்புலன்ஸ் சேவை மையத் தீயணைப்பு நிலையத்தைக் குறித்தது. தீயணைப்புத் துறையோ சுமார் ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருந்த பிலிப்ஸ் பார்க் தீயணைப்பு நிலையத்தைத் தேர்ந்தெடுத்தது. வெடிச்சத்தம் கேட்ட மையத் தீயணைப்பு நிலையத்தில் இருந்தவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு அரீனாவுக்கு எதிர்த்திசையில் பிலிப்ஸ் பார்க்குக்குப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன நிலையத்துக்கு ஆம்புலன்ஸ்கள் வந்து சேர்ந்தன. இரண்டு துறைகளும் ஒரே டாக் குரூப்பில் அரை நிமிடம் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

10.47க்கு நகரப் போலீஸின் பணி அதிகாரி 'ஆபரேஷன் பிளேட்டோ' என்று அறிவித்தார். ஆயுதம் ஏந்திய பயங்கரவாதிகள் நடமாடித் தாக்கும் நிலைமைக்கான குறிச்சொல் அது. அறிவித்தால் சம்பவ இடம் மூன்று மண்டலங்களாகப் பிரியும். தாக்குதல்காரர் இருக்கக்கூடிய மண்டலத்தில் ஆயுதப் போலீஸ் மட்டும், அடுத்ததில் கவச உடையும் பயிற்சியும் உள்ளவர்கள், அதற்கு அப்பால் மற்றவர்கள். அதனால் இந்த அறிவிப்பை எல்லாத் துறைகளுக்கும் உடனே சொல்லியாக வேண்டும். ரயில்வே போலீஸுக்கோ ஆம்புலன்ஸுக்கோ தீயணைப்புக்கோ அவர் சொல்லவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பணி அதிகாரியைக் குறை சொல்வது சுலபம். அவர் எடுத்த இன்னொரு முடிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விதிப்படி பார்த்தால், துப்பாக்கியும் கவசமும் இல்லாத போலீஸாரையும் மற்றவர்களையும் அவர் கூடத்திலிருந்து வெளியேற்றியிருக்க வேண்டும். அவர் வெளியேற்றவில்லை. காயம்பட்டவர்களை விட்டுவிட்டு வரச் சொல்வது சரியில்லை என்று தீர்மானித்து, உள்ளே இருந்தவர்களை இருக்கவிட்டார். பின்னால் வந்த கெர்ஸ்லேக் அறிக்கை அதைப் பாராட்டவே செய்தது. நிதானமாக யோசிக்கக்கூடிய ஆள்தான். ஆனால் அவருடைய போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது, வயர்லெஸ்ஸில் ஆயுதப் போலீஸ் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. யார் யாருக்குச் சொல்லியாயிற்று என்று பட்டியல் வைத்துப் பார்க்கப் பக்கத்தில் ஆள் இல்லை.

அந்தப் பக்கம் தீயணைப்புத் துறையின் தொடர்பு அதிகாரி. இரவில் இப்படி ஏதாவது நடந்தால் போலீஸோடு பேசித் தன் துறையின் முதல் முடிவுகளை எடுப்பவர் அவர். வெடித்துச் சுமார் பத்து நிமிடத்தில், வீட்டில் இருந்தவருக்குத் தகவல் போனது. துப்பாக்கிக் காயங்கள் மாதிரி தெரிகிறது என்ற செய்தியும் காதில் விழுந்தது. குண்டுக்குள் வைத்திருந்த உலோகத் துண்டுகள் உண்டாக்கிய காயங்கள் அப்படித் தோன்றியிருக்கின்றன. யாரோ துப்பாக்கியோடு நடமாடுகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். போலீஸ் சொன்ன கூடும் இடம் அரீனாவுக்கு ரொம்பப் பக்கம் என்று பட்டது. அதனால் தள்ளியிருந்த பிலிப்ஸ் பார்க். அவருக்குக் கிடைத்த தகவலை மட்டும் வைத்துப் பார்த்தால் அது முட்டாள்தனமான முடிவு இல்லை.

அப்புறம் அவர் செய்ததுதான் இந்த நிகழ்வின் மையம். பணி அதிகாரியின் எண்ணுக்குப் போன் போட்டார், லைன் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டும் கிடைக்கவில்லை. திட்டத்தில் அவருக்கு இருந்த வழி அந்த ஒரு எண். அதே நேரம் ரயில்வே போலீஸார் கூடத்துக்குள் இருப்பதும், ஆம்புலன்ஸ்கள் நேராகச் சம்பவ இடத்துக்குப் போவதும் மற்ற கட்டுப்பாட்டு அறைகளுக்குத் தெரிந்திருந்தது. அதில் ஒரு பகுதி தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறைக்கும் வந்திருந்தது, அவருக்குப் போகவில்லை. ஒரு போன் கிடைக்காததால் ஒரு துறையே கண்ணைக் கட்டிக்கொண்டு நின்றது. பொதுக் குழுவை யாராவது திறந்து வைத்திருந்தால் அந்தப் போன் கிடைக்காதது பெரிய விஷயமே ஆகியிருக்காது. எனக்குப் பட்டவரை இந்த இரவின் மற்ற எல்லாத் தவறுகளும் இதற்கு அடுத்துத்தான்.

ஆம்புலன்ஸ் சேவையின் கதை வேறு. அவர்கள் வந்தார்கள், ஆனால் பெரும்பாலோர் கூடத்துக்குள் போகவில்லை. முதல் மருத்துவ உதவியாளர் 10.50ஐ ஒட்டி உள்ளே போனார். 11.15 வாக்கில் அபாயப் பகுதிப் பயிற்சி பெற்ற இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். மொத்தம் மூன்று பேர்தான். மற்றவர்கள் கீழே நிலைய வாசலில் சிகிச்சைக்கு இடம் அமைத்துக் காத்திருந்தார்கள். உள்ளே பாதுகாப்பா, எந்த மண்டலம் என்பதைப் போலீஸ் தளபதியோடு பக்கத்தில் நின்று பேசித் தீர்த்திருக்க வேண்டும். நகரப் போலீஸின் களப் பொறுப்பாளர் மேலே கூடத்தில் இருந்தார், ஆம்புலன்ஸின் களப் பொறுப்பாளர் கீழே வாசலில் இருந்தார். நடுவில் ஒரு படிக்கட்டுதான். மூன்று துறைத் தளபதிகளும் ஓர் இடத்தில் சேர்ந்து நிற்கும் முன்னணிக் கட்டளை இடம் அன்று உருவாகவே இல்லை.

மேலே நடந்ததைப் பதிவுசெய்தே ஆக வேண்டும். ஸ்ட்ரெச்சர்கள் இல்லை. கூட்டத்தைத் தடுக்க வைக்கும் இரும்புத் தடுப்புகளையும், விளம்பரப் பலகைகளையும், மேசைகளையும் எடுத்து, அதில் காயம்பட்டவர்களைக் கிடத்தி, போலீஸாரும் அரீனா ஊழியர்களும் பொதுமக்களும் படிக்கட்டு வழியாக இறக்கினார்கள். கனமான ஒருவரைத் தடுப்பில் வைத்து இறக்க நான்கைந்து பேர் வேண்டும், பலகை வழுக்கும், கைப்பிடி இருக்காது. ஸ்ட்ரெச்சரும், ஆட்களைத் தூக்கும் பயிற்சியும், முதலுதவிப் பயிற்சியும் உள்ள துறை எது என்றால் தீயணைப்பு. அது அந்த நேரத்தில் ஐந்து கிலோமீட்டர் தள்ளி நின்றது.

பின்விளைவு

உயிரோடு இருந்தவர்களில் கடைசி ஆள் கூடத்திலிருந்து வெளியே வந்தபோது மணி 11.40ஐ நெருங்கிவிட்டது. தீயணைப்பு வண்டிகள் பிலிப்ஸ் பார்க்கிலிருந்து மறுபடி மையத் தீயணைப்பு நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து சம்பவ இடத்தை அடைந்தது 12.37க்கு. வெடித்து இரண்டு மணி ஆறு நிமிடம். நடுவில் பிலிப்ஸ் பார்க்கில் காத்திருந்த வீரர்கள் ஏன் நம்மை அனுப்பவில்லை என்று கொதித்துப்போயிருந்தார்கள்.

இன்னொன்று என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. தீயணைப்புத் துறை வரவில்லை என்பதைப் போலீஸ் தலைமையகத்தில் கூடியிருந்த அதிகாரிகள் கவனிக்கவே இல்லை. தலைமையகத்தில் எல்லாத் திரையும் எல்லாப் போனும் இருந்தன. வந்தவர்களின் பட்டியல் இருந்தது. வராதவர்கள் யார் என்று கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

பொது விசாரணை இந்த இடைவெளிக்கு ஒரு விலையும் சொன்னது. காயத்துக்கும் சிகிச்சைக்கும் நடுவே விழுந்த நேரம் குறைந்திருந்தால், இறந்தவர்களில் ஒருவர் அநேகமாகப் பிழைத்திருப்பார் என்பது அதன் முடிவு. இன்னொருவருக்கு மிகச் சிறிய வாய்ப்பு இருந்திருக்கலாம் என்றது. மற்றவர்களின் காயங்கள் எந்த உதவியும் காப்பாற்ற முடியாதவை என்றும் தெளிவாகவே எழுதியது. வயர்லெஸ்ஸில் பேசியிருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று யாராவது சொன்னால் அது தவறு. ஒருவர் என்பதும் சின்ன எண்ணிக்கை இல்லை.

(தொலைபேசியிலும் ஒரு சறுக்கல் நடந்தது. உறவினர்கள் விசாரிக்க வேண்டிய அவசர எண்ணுக்கான அமைப்பு அன்று இரவு வேலை செய்யவில்லை. பிள்ளைகளைத் தேடிக் குடும்பங்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தன. அது தனி ஆய்வுக்குரியது.)

என்ன மாறியது, என்ன மாற வேண்டும்

தீயணைப்புத் துறை குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டது. விசாரணையின் இரண்டாம் தொகுதி மட்டும் 149 பரிந்துரைகள் தந்தது. கட்டுப்பாட்டு அறைகளுக்கு இடையே பொது டாக் குரூப் அமைக்கப்பட்டது. ஜெசிப் கோட்பாட்டின் மூன்றாம் பதிப்பு 2021இல் வந்தது. பணி அதிகாரியின் சுமையைப் பிரித்துக் கொடுப்பதும் பரிந்துரைகளில் முக்கியமானது.

இதை வேறு ஊரில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு என் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

பொதுக் குழுவைத் தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம் என்று வைக்கக் கூடாது. தேவைப்படும் நேரத்தில் அதைத் திறக்க வேண்டியவர்தான் எல்லோரையும் விட அதிக வேலையில் இருப்பார். எல்லாக் கட்டுப்பாட்டு அறையிலும் அந்தக் குழு 24 மணி நேரமும் ஒரு ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஷிஃப்ட் மாறும்போது ஒரு சோதனை அழைப்பு போக வேண்டும், பதில் வராத அறை எது என்று குறித்துவைக்க வேண்டும். இதற்குச் செலவு ஏறக்குறைய எதுவும் இல்லை. அதனாலேயே பட்ஜெட் கூட்டங்களில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

துப்பாக்கிப் படையை நடத்துபவரும் மற்ற துறைகளுக்குச் சொல்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இரண்டாவது வேலைக்கு அதிகாரி அந்தஸ்துகூடத் தேவையில்லை. மீத்தேன் வரிசையை வாசிக்கத் தெரிந்த, பதில் வாங்காமல் மைக்கை வைக்காத ஓர் ஆபரேட்டர் போதும்.

தொடர்பு கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். மான்செஸ்டரில் போன் கிடைக்காதபோது 'தள்ளி நில்' என்பதே இயல்பான பதிலாக ஆகிவிட்டது. ஐந்து நிமிடத்தில் தொடர்பு கிடைக்காவிட்டால் ஒரு மூத்த அதிகாரி தானே மற்ற துறை நிற்கும் இடத்துக்குப் போய் அவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று விதி இருந்தால், முடிவு அந்த இடத்திலேயே எடுக்கப்பட்டிருக்கும். வயர்லெஸ் இல்லாத காலத்தில் அப்படித்தான் நடந்தது.

ஒத்திகைகளில் கட்டுப்பாட்டு அறை ஆட்களை வேண்டுமென்றே திணறவிட்டுப் பார்க்க வேண்டும். பல ஒத்திகைகளில் களத்தில் புகை, ரத்தம், நடிகர்கள் என்று எல்லாம் தத்ரூபமாக இருக்கும். கட்டுப்பாட்டு அறைக்கு மட்டும் போன் ஒழுங்காக, வரிசையாக வரும். 2016 ஒத்திகை இந்த விஷயத்தில் நேர்மையானது, பணி அதிகாரி திணறியதை அது காட்டிவிட்டது. அதைக் கண்டுபிடித்த பிறகு சரிசெய்தாயிற்றா என்று மறுபடி சோதிக்கும் இரண்டாவது ஒத்திகைதான் வேண்டியிருந்தது.

இதற்கிடையில் பிரிட்டன் அரசு ஏர்வேவுக்குப் பதிலாக 4ஜி கைபேசி வலையமைப்பில் ஓடும் புதிய அவசரச் சேவை வலையமைப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறது. முதல் ஒப்பந்தங்கள் 2015இல் போட்டவை. பழையதை 2019 முடிவில் அணைத்துவிடலாம் என்று திட்டம். அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது, செலவு பல நூறு கோடி பவுண்டுகளில் ஏறிக்கொண்டே போயிற்று. புதிய செட்டில் படமும் காணொளியும் வரைபடமும் அனுப்ப முடியும். கூடத்தின் உள்ளிருந்து ஒரு காணொளி தீயணைப்புத் தொடர்பு அதிகாரிக்குப் போயிருந்தால் அவர் முடிவு மாறியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அதையும் ஒருவர் அனுப்ப வேண்டும். அந்த ஆள் யார் என்பதைப் புதிய வலையமைப்பு வரும்வரை காத்திருக்காமல் இப்போது இருக்கும் செட்டிலேயே தீர்மானித்துப் பழகிவிடலாம்.